வெளியே வர மறுத்த ஆறு தோட்டாக்கள்

பொறுமையில் சிறந்த மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். என் மானம் மட்டும் நேற்றிலிருந்து படுத்த படுக்கை. அங்கே நீங்களும் என் மகளும் பேத்தியும் உங்கள் பட்டறை மிஷின்களும் சௌக்கியம்தானே? மிஷின்களை ஏன் விசாரிக்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

கிடங்குக் காவலுக்கு எனக்குக் கொடுத்திருப்பது பிஸ்டல் தோட்டா போடுகிற ரிவால்வர். சாதாரண ரிவால்வர் தோட்டாவுக்கு அடியில் ஆணிக்கொண்டை மாதிரி ஒரு விளிம்பு இருக்கும். சுட்டபின் உருளையைத் திறந்து கம்பியை அழுத்தினால், அந்த விளிம்பில் முட்டி ஆறு காலிக் குப்பியையும் வெளியே தள்ளிவிடும். பிஸ்டல் தோட்டாவுக்கு அந்தக் கொண்டை கிடையாது. அதனால் பூ மாதிரி ஆறு பள்ளம் வெட்டிய மெல்லிய தகட்டில் ஆறையும் செருகி, தகட்டோடு உள்ளே போட வேண்டும்; வெளியே வரும்போதும் குடும்பத்தோடு வரும். இரண்டு தகட்டை நான் ஏற்கெனவே வளைத்துவிட்டதால் துப்பாக்கி வாத்தியார் கடைசித் தகட்டைக் கொடுத்து, "பெரியவரே, இதையாவது பத்திரமா வெச்சுக்குங்க" என்றார். வீட்டுக்குக் கொண்டுவந்து, எண்ணெய் போட்டு, பத்திரமாக வைத்தேன். எங்கே என்பது எனக்கே தெரியாத அளவுக்குப் பத்திரம்.

நேற்று வருடாந்திரச் சோதனை. தகடு இல்லாமலும் இது சுடும் என்பது எனக்குத் தெரியும். என் படிப்பு அந்த இடத்தோடு நின்றுவிட்டது. ஆறும் பலகையில் பட்டது, நெஞ்சு நிமிர்ந்தது, உருளையைத் திறந்து கம்பியை அழுத்தினேன், ஒன்றும் வரவில்லை, கவிழ்த்தேன், குலுக்கினேன், தட்டினேன், வாடகைக்கு வந்து வீட்டையே எழுதி வாங்கிக்கொண்டவர்கள் மாதிரி ஆறும் அசையாமல் உட்கார்ந்திருந்தன. கடைசியில் குமாஸ்தாவின் பென்சிலை வாங்கி ஒவ்வொன்றாக முன்பக்கத்திலிருந்து குத்தித் தள்ள, மூன்றாவதில் பென்சில் ஒடிந்தது.

"என்ன பெரியவரே, பல்லு புடுங்குறீங்களா?" என்றார் சோதனை அதிகாரி.

"ஆச்சு சார், இன்னும் மூணுதான்."

"திருடன் இந்நேரம் வீட்டுக்குப் போயி, குளிச்சு, சாப்பிட்டுத் தூங்கியிருப்பான்."

ஆறையும் வெளியே எடுக்கப் பதினொரு நிமிடம். இப்போது கிடங்கில் என் பெயர் 'பென்சில்'. வெள்ளிக்கிழமை மறுசோதனை. அதிலும் தோற்றால் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு, விசில் கொடுத்து வாசலில் நிறுத்திவிடுவார்கள். விசிலோடு எனக்குப் பகையில்லை. ஆனால் "எங்க தாத்தா துப்பாக்கி வெச்சிருக்காரு" என்று பேத்தி தன் வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாளே! உங்கள் அத்தையோ, பேத்தியின் சட்டைக்குப் பூவேலை போட்டுக்கொண்டே, தலை நிமிராமல், "பொருளை வெச்ச எடத்துல தேடணும்" என்கிறாள். வைத்த இடம்தானே அம்மா தொலைந்தது?

ஆகவே வெள்ளிக்கு முன் அப்படி ஒரு தகடு வெட்டி அனுப்பி இந்தக் கிழவனைக் காப்பாற்றவும். அடுத்த பக்கத்தில் அளவுக்குப் படம் வரைந்திருக்கிறேன். மகளுக்கு என் ஆசி, பேத்திக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம், உங்களுக்கு நீண்ட ஆயுளும் என்னைவிடக் கெட்டிக்கார மாமனாரும் கிடைக்கட்டும் என்று எழுதக் கை வரவில்லை. ஆயுள் மட்டும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
பென்சில்

பின்குறிப்பு: படம் வரைய வட்டமாக ஏதாவது கொடு என்றேன். உங்கள் அத்தை தையல் பெட்டியிலிருந்து, நூல் சுற்றிய ஏதோ ஒன்றை எடுத்துத் தந்தாள். அதை வைத்து ஓரமாகக் கோடு இழுத்தேன். அளவு அச்சாக வந்தது. "நல்ல சாமான்தான்" என்று பாராட்டினேன். "ஆமாங்க, ஆறு கலர் நூலையும் சிக்காம வெச்சுக்குது. எவனோ எண்ணெயைத் தடவி வெச்சிருந்தான், சோப்புப் போட்டுக் கழுவுனேன்" என்றாள். தகடு செய்ய வேண்டாம் என்று எழுதத்தான் மறுபடி பேனாவை எடுத்தேன். அவள் விடவில்லை: "செய்யச் சொல்லுங்க. புதுசு வந்தாத்தான் இதைத் தருவேன். அப்புறம், ஆறு பள்ளம் பத்தல, எட்டா வெட்டச் சொல்லுங்க."