தொப்பிக்காரனின் கையெழுத்து

குகனேஸ்வரி குங்குமத்தைத் துடைக்கப் போய்க் கையெழுத்தையும் சேர்த்துத் துடைத்துவிட்டாள்.

பிழை முழுக்க அவளுடையது என்றும் சொல்ல முடியாது. மூன்று மணிக்கு ஒருவர் வருகிறார், அந்த அட்டையைத் தூசி தட்டி வை என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்கு நிற்கும் வீட்டுக்கார அம்மா, சிஞ்ஞோரா, படுக்கப் போய்விட்டார். அட்டையில், குறுக்கே ஒரு கையெழுத்தோடு, தொப்பி போட்ட ஒருவர் படமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். சிஞ்ஞோராவின் செத்துப்போன புருசனாக்கும் என்று நினைத்து, வெள்ளிக்கிழமையும் அதுவுமாக, இவள் பொட்டு வைத்துவிட்டாள். பின்பக்கத்தைத் திருப்பியபோதுதான் ஆள் அமெரிக்கப் பேஸ்போல்காரன் என்று தெரிந்தது. பதறிப்போய் நகப்பூச்சு அழிக்கிற தண்ணியால் துடைத்தாள். பொட்டும் போனது, கையெழுத்தும் போனது.

அடுத்த கிழமை இத்தாலியில் இருக்க விடும் பெர்மெசோவைப் புதுப்பிக்க வேலைக் கடிதம் தரவேண்டியவரே இந்தச் சிஞ்ஞோராதான். வேலை போனால் பலேர்மோவும் போச்சு. பக்கத்து உணவகத்தில் கோப்பை கழுவும் புருசன் செல்வராசாவை ஓடிவரச் சொன்னாள்.

செல்வராசா பள்ளிக்கூட நாளில் றிப்போட்டில் தகப்பனின் கையெழுத்தைத் தானே போட்டு வளர்ந்த மனுசன். தொப்பிக்காரனின் கையெழுத்தைப் போனில் தேடியெடுத்தார், ஒரே இழுப்பில் போட்டு முடித்தார். அச்சு அசல் அதேதான். ஆனால் அதற்கு மேலே கொழுகொழுவென்று ஒரு பிள்ளையார் சுழி.

"இதென்னப்பா இது?"

"கைப்பழக்கம். சுழி போடாட்டில் எனக்கு எழுத்து ஓடாது."

அதை அழித்தால் மற்றதும் போகும். அதற்குள் வாசல் மணி அடித்தது, சிஞ்ஞோராவும் எழுந்து வந்தார். செல்வராசா குசினிக்குள் ஒளிந்தார்.

வந்தவர், கையெழுத்து அசல்தான் என்று விற்கிறதுக்குச் சான்று தரும் பரிசோதகர். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, கள்ளக் கையெழுத்துக்காரன் பார்த்துப் பார்த்து எழுதுவான், கோடு நடுங்கும், இதில் நடுக்கமே இல்லை என்றார். பிறகு கண்ணாடி சுழிக்கு மேலே நின்றது. குகனேஸ்வரி பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் நேர்ந்தாள்.

"பேனா எழுதுகிறதா என்று முதலில் கிறுக்கிப் பார்த்திருக்கிறார். கள்ளன் இப்படிச் செய்யத் துணியமாட்டான். இது அசல்."

சான்றிதழ் எழுதிக் கொடுத்துவிட்டு அவர் போனார்.

சிஞ்ஞோரா கதவைச் சாத்திவிட்டு அட்டையைத் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"மூன்று மாதமாக நான் போட்ட கள்ளக் கையெழுத்து ஒன்றுகூட இந்த ஆளிடம் தேறவில்லை. குசினிக்குள் நிற்கிறவரை வெளியே வரச் சொல், இன்னும் முப்பது அட்டை இருக்கிறது."