இருபத்திரண்டு தீப்பெட்டிகள்

பொய் சொல்கிறவனுக்குக் கொஞ்சமாவது மூளை வேண்டும். என்னிடம் அன்று இருந்தது பயம் மட்டும்தான்.

சிலோனிலிருந்து ஆட்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. சேரம்பாடிப் பக்கம் ஓர் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நான் லேப் அட்டெண்டராகச் சேர்ந்து பத்து நாள் ஆகியிருந்தது. (பெயர்தான் பெரிது, பாட்டில் கழுவுகிற வேலை.) புதிதாக வந்தவர்களுக்கு வயிற்றில் கொக்கிப்புழு இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. டாக்டர் காலித் தீப்பெட்டிகளை என் கையில் திணித்தார்.

"நாலாம் லயத்துல இருபத்திரண்டு பேர். ஆளுக்கு ஒரு பெட்டி, நாளைக் காலைல மலம் வந்தாகணும். வரலைன்னா நீ மேட்டுப்பாளையத்துக்கு பஸ் ஏறிடு."

லயம் என்பது தொழிலாளர்களின் வரிசை வீடுகள்; அதன் வாசலில் ராக்கம்மா நின்றிருந்தாள். ஏழு மாதக் கர்ப்பிணி. "என்னா தம்பி வேணும்?" என்று அன்பாகத்தான் கேட்டாள். அவளிடம் போய் மலம் கேட்பதா? தீப்பெட்டிகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"ஒண்ணுமில்லீங்க. எல்லாரும் பேரு மட்டும் சொல்லுங்க, போதும்."

மறுநாள் காலை இருபத்திரண்டு பெட்டிகளையும் நான் ஒருவனே நிரப்பினேன். (எப்படி என்று கேட்காதீர்கள். இருபத்தொரு வயது, மூன்று வேளையும் மெஸ் சாப்பாடு.) எனக்கு ஒரு நோயும் கிடையாது, எல்லாருக்கும் 'ஒன்றுமில்லை' என்றுதானே வரும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

டாக்டர் மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். மூன்றாவது பெட்டிக்கு "ம்ம்" என்றார். பத்தாவதில் அவருக்கு முகம் மாறியது. இருபத்திரண்டிலும் கொக்கிப்புழு முட்டை!

செய்தி ஆபீசுக்குப் போனது. கிளார்க் ஓடி வந்தார். "கப்பல்லயே நோயக் கொண்டாந்துட்டாங்க சார். பொதுக் குழாய்ல அவங்க தண்ணி புடிக்க வேண்டாம்னு சொல்லிப்போட்டனுங்க."

மருந்துக்கு வரிசை நின்றது. ராக்கம்மா காலிக் குடத்தோடு வந்திருந்தாள். "அங்க எங்கள இந்தியாக்காரன்னு அனுப்பிட்டாங்க. இங்க வந்தா குடிக்கத் தண்ணிகூட இல்லையா ஐயா?" என்றாள். சரோஜா சிஸ்டர் புழு மருந்தை ஊற்றிக்கொண்டே, "புள்ளத்தாச்சிக்கு இதக் குடுக்கலாமா டாக்டர்?" என்று தயங்கினார். வேலை போனால் போகட்டும், அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

"சார், அது அவங்களோடது இல்லீங்க."

"பின்ன யாரோடது?"

"என்னோடதுங்க."

"எந்தப் பெட்டி?"

"எல்லாமேங்க."

சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார். டாக்டர் என்னைப் பெஞ்சில் உட்கார வைத்து, ராக்கம்மாவுக்கு ஊற்றிய மருந்தை வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் என்னைக் குடிக்க வைத்தார். மேலே ஒரு டம்ளர் பேதி உப்பு. கிளார்க்கைப் பார்த்து, "நீங்களே போய் அவங்க குடத்துல தண்ணி புடிச்சுக் குடுங்க" என்றார். அன்றைய மிச்சப் பொழுதை நான் எங்கே கழித்தேன் என்று எழுத வேண்டியதில்லை.

மறுநாள் பெட்டி கட்டிவிட்டேன். ஆஸ்பத்திரி வாசலில் நாலாம் லயமே நின்றுகொண்டிருந்தது, ஆளுக்கொரு தீப்பெட்டியோடு. "அத்தன பேரு முன்னால நீங்களே சொல்லிட்டீங்க. எங்களுக்கு என்னா தம்பி வெக்கம்?" என்றாள் ராக்கம்மா. டாக்டர் அதைப் பார்த்தார். பஸ்ஸைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை.

சரோஜா சிஸ்டரைத்தான் பிற்பாடு நான் கல்யாணம் செய்துகொண்டேன். அது என் அடுத்த தைரியம். பேரப்பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது நான் இன்னொரு கரண்டி சோறு கேட்டுவிடக் கூடாது.

"ஏனுங்க, உங்களுக்கு மட்டுமா, இருபத்திரண்டு பேருக்கும் சேர்த்தா?" என்பாள்.