பாலத்தில் தொங்கும் இன்ஸ்பெக்டரை இறக்கிவிடக் கோரி

மரியாதைக்குரிய சம்பந்தி அம்மாள் அவர்களுக்கு,

உங்கள் மகளின் மாமியார் எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மகன், உங்கள் மகள், நம் பேத்தி நால்வரும் சௌக்கியம். அங்கே நீங்களும் உங்கள் முழங்காலும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன தடவை வந்திருந்தபோது படியேற முடியவில்லை என்று கீழேயே உட்கார்ந்துவிட்டீர்கள். மொட்டைமாடியில் போட்டோ எடுக்கப் போகிறோம் என்றதும் எங்களுக்கெல்லாம் முன்னால் போய் நடுவில் நின்றீர்கள். அந்த சுகம் நீடிக்கட்டும்.

நான் சண்டை போட எழுதவில்லை. பழையதையெல்லாம் மறந்துவிட்டேன். பிள்ளைகளின் கல்யாணத்தன்று எனக்கு மட்டும் காற்றாடி இல்லாத மூலையில் நாற்காலி போடச் சொன்னீர்களே, அதைக்கூட மறந்துவிட்டேன். நீல நாற்காலி. பின்னங்கால் ஒன்று ஆடும். இடது கால். "அவங்களுக்கு எங்க உட்கார்ந்தாலும் ஒண்ணுதான்" என்று நீங்கள் சொன்னபோது உங்கள் கையில் பாதி கடித்த பிஸ்கட் இருந்தது. எல்லாம் மறந்தாயிற்று.

எழுதும் காரணம் வேறு. இது ஓர் உயிர்ப் பிரச்சினை. மழைக்காலம் தொடங்கியதிலிருந்து இன்ஸ்பெக்டர் பாலத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறார். ஒற்றைக் கையில், அதுவும் இடது கையில். வலது தோளில்தான் குண்டு பாய்ந்திருக்கிறதே. கீழே ஆறு ஓடுகிறது. மேலே யாரோ நடந்து வருகிற சத்தம், ஓர் அடி கனமாக, ஓர் அடி லேசாக. அவரை அந்த நிலையில் விட்டுவிட்டு இரண்டாம் பாகத்தை முடித்துவிட்டார்கள். மூன்றாம் பாகம் உங்கள் அலமாரியில் இருக்கிறது, நீங்கள் அனுப்ப மாட்டேன் என்கிறீர்கள். நம் இரண்டு பேர் மனஸ்தாபத்துக்கு அந்த மனிதர் என்ன செய்வார்? ஈரப் போர்வையை ஒரு நாள் காயப் போட்டாலே கொடிக்கயிறு தொய்ந்துவிடுகிறது. இது மனுஷக் கை.

நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். உங்கள் மகளிடம் நீங்கள் சொன்னதில் பாதி விட்டுப்போயிருக்கிறது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், நீங்கள் ஆயுசெல்லாம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர், அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. நான் பாட்டுக்கு மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கிற காகிதத்தை விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். அரிப்பில் ஆரம்பித்து மயக்கம் வரைக்கும் போய்விட்டேன், நல்ல விறுவிறுப்பு. அப்போதுதான் நீங்கள் உள்ளே வந்து, "ஐயோ பாவம், இதையா படிக்கிறீங்க? நான் உங்களுக்கு நல்ல புத்தகமா அனுப்பறேன்" என்றீர்கள். அந்த "ஐயோ பாவம்" இன்னும் என் காதில் இருக்கிறது. இருந்தாலும் அனுப்பினீர்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

முதலில் வந்தது உயர்ந்த நாவல். அதில் ஒருத்தன் ஜன்னலோரம் நிற்கிறான். புத்தகம் முழுக்க நிற்கிறான். வெளியே மழை பெய்கிறது, விடுகிறது, மறுபடி பெய்கிறது. அந்த வீட்டில் ஒருவராவது "கொஞ்சம் தள்ளுப்பா, ஜன்னலைச் சாத்தணும், தண்ணி உள்ள அடிக்குது" என்று சொன்னார்களா என்றால் கிடையாது. நடுவில் ஒரு டீ போட்டுக்கொள்கிறான். நானும் பக்கம் பக்கமாகப் புரட்டுகிறேன், குடிக்கிறான் இல்லை. ஆறிப்போகுதே, ஆறிப்போகுதே என்று அடித்துக்கொண்டு கடைசியில் எழுந்துபோய் நான் ஒரு டீ போட்டுக் குடித்தேன். முடிவும் இல்லை. உங்களுக்குப் போன் செய்தேன்.

"கடைசித் தாள் விழுந்துபோச்சு போல இருக்கு. கதை பாதியிலேயே நிக்குது."

"இல்லைங்க, அதுதான் முடிவு. மிச்சத்தை வாசகர்தான் யோசிச்சுக்கணும்."

"நானே யோசிச்சுக்கணும்னா அவர் எதுக்கு எழுதினார்?"

நீங்கள் சிரித்தீர்கள். மூக்கால்.

இரண்டாவதாக வந்த நாவலில் ஒருத்தி பெட்டியைத் தூக்கிக்கொண்டு புருஷன் வீட்டை விட்டுப் போகிறாள். நல்ல எழுத்து, நானும் அழுதேன். ஆனால் நீங்கள் பென்சிலால் கோடு போட்டிருந்தீர்கள் பாருங்கள், அத்தனையும் மாமியார் பேசுகிற இடம். அந்தப் பொம்பளை அப்படி என்ன சொல்லிவிட்டாள்? உப்பு குறைவு என்றாள். உப்பு குறைவு என்றதற்கு ஒருத்தி மூன்று நாடு தாண்டிப் போவாளா? நான் உங்கள் மகளிடம் இத்தனை வருஷத்தில் ஒருநாளும் உப்பு குறைவு என்று சொன்னதில்லை. கூட என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

பிறகுதான் அந்தக் கொலைக் கதை வந்தது, மூன்று பாகத்தில் முதல் பாகம். முதல் வரியிலேயே ஒரு பிணம். அப்பாடா என்றிருந்தது. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள், அதனால் கொலைகாரன் எவ்வளவு வேகமாக ஓடினாலும் என் விரல் போகிற வேகத்தில்தான் ஓட முடியும். ஒரு சந்தைத் தாண்ட அவனுக்கு ஒரு மத்தியானம் ஆனது. அதற்குள் பால் பொங்கி, அடுப்பு அணைந்து, பாத்திரம் கருகி, உங்கள் மகள் ஆபீசிலிருந்து வந்து கதவைத் தட்டத் தட்ட நான் திறக்கவில்லை. எப்படித் திறப்பேன், கதையிலும் அப்போதுதான் யாரோ கதவைத் தட்டுகிறார்கள். "யாரது? உண்மையான பேரைச் சொல்லு!" என்று உள்ளேயிருந்து கேட்டேன். "அத்தை, நான்தான் அத்தை!" என்றாள். கதையிலும் அப்படித்தான் சொன்னார்கள். பக்கத்து வீட்டுக்காரர் வந்து சாட்சி சொன்ன பிறகுதான் தாழ்ப்பாளை எடுத்தேன்.

அந்தக் கதையில் ஒரு வாட்ச்மேன் வருகிறான், நொண்டி நடக்கிறவன். முதலில் வரும்போது இடது காலை இழுத்து நடக்கிறான். பிணத்தை எடுத்துப் போகிற அன்று வலது காலை இழுத்து நடக்கிறான். இந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இவன் நொண்டியே இல்லை, நடிக்கிறான்! எங்கள் வீட்டில் என் கொழுந்தன் ஒருத்தர் இருந்தார், மூட்டை தூக்க வேண்டிய நாளில் மட்டும் அவருக்குக் கால் பிசகும், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கால். எனக்கு இந்த ஜாதி ஆட்களை நன்றாகத் தெரியும். எதற்கும் இருக்கட்டும் என்று எங்கள் குடியிருப்பு வாட்ச்மேனையும் கேட்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து காட்டச் சொன்னேன். அவர் நன்றாகத்தான் நடந்தார். அன்றிலிருந்து என்னைக் கண்டால் உட்கார்ந்துகொள்கிறார்.

அந்தச் சமயத்தில்தான் நீங்கள் இங்கே வந்தீர்கள். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். நான் காலைப் பற்றிச் சொன்னேன்.

"அது ஆசிரியர் மறதிங்க. இதையெல்லாம் பெரிசு பண்ணக் கூடாது" என்றீர்கள்.

"நாற்காலிக் காலையே நான் மறக்கல. எழுதினவர் மனுஷன் காலை மறப்பாரா?"

"எந்த நாற்காலி?"

"ஒண்ணுமில்ல."

என் மகன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். உங்கள் மகளுக்குப் புரையேறியது. நீங்கள் அவள் தலையைத் தட்டிக்கொண்டே, ஒரே மூச்சில், "வாட்ச்மேனெல்லாம் இல்லைங்க, டாக்டர்தான் கொன்னது, கடைசிப் பக்கத்துல இருக்கு, அந்தத் தண்ணி ஜக்கை இப்படித் தள்ளுங்க" என்றீர்கள்.

சம்பந்தி அம்மா, நான் அப்போது பாதிப் புத்தகம்கூடத் தாண்டவில்லை. அந்த டாக்டர் எனக்கு எவ்வளவு வேண்டியவர் தெரியுமா? ராத்திரி பகல் பார்க்காமல் வைத்தியம் பார்க்கிறவர். என் ரத்த அழுத்தத்தைக்கூட மனசுக்குள் அவரிடம்தான் காட்டிக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் அவர் யாருடைய நாடியைப் பிடித்தாலும் நான் என் கையை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். ஜக்கைத் தள்ளினேன். என் மரியாதையை நான் விடவில்லை. ஆனாலும் டாக்டர் வெறும் கைதான், ஏவிவிட்டவன் வேறே என்று முதல் பாகத்தின் முடிவிலேயே வந்துவிட்டது. அது வாட்ச்மேன்தான். அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

அப்புறம் நம் பேத்திதான் பஞ்சாயத்து பண்ணினாள். "அந்தப் பாட்டி வாங்கி அனுப்பட்டும், இந்தப் பாட்டி முதல்ல படிக்கட்டும்" என்று தீர்ப்புச் சொன்னாள். நீங்களும் ஒத்துக்கொண்டு இரண்டாம் பாகத்தைப் பிரிக்காமல் அனுப்பினீர்கள். பெரிய மனசு, ஒத்துக்கொள்கிறேன். படித்து முடித்து, திருப்பி அனுப்புமுன் உங்களைப் பற்றித்தான் யோசித்தேன். இத்தனை படித்தவர், எத்தனையோ புத்தகம் பார்த்தவர், ஆனால் ஒரு முடிவு தானாக நடந்து வந்து தன் முன்னால் நிற்கிற சுகத்தை ஒருநாளாவது அனுபவித்திருப்பாரா? எப்போதும் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டிவிட்டால் பாவம், எப்படி அனுபவிப்பார்? அந்த நல்லெண்ணத்தில்தான் கடைசி அத்தியாயத்தை மட்டும் சேர்த்துப் பிடித்து, தலையணை உறை மாதிரி மூன்று பக்கமும் தைத்தேன். கோணி ஊசிதான் கையில் கிடைத்தது. அதற்கு நான் என்ன செய்ய?

நீங்கள் போனில் கத்தியது ஸ்பீக்கரில் எங்கள் வீடு முழுக்கக் கேட்டது. "என் புத்தகத்தையே தச்சு அனுப்பியிருக்காங்க! அது என்ன கோணி மூட்டையா? இனிமே என் புத்தகம் ஒண்ணுகூட அந்த வீட்டுக்கு வராது!" சொல்லிவிட்டுப் பொறுமையாகப் பிரித்திருக்கலாம். பிளேடை எடுத்துக் கிழித்தீர்கள். கடைசித் தாள் நார் நாராகப் போய்விட்டதாம். போகட்டும்.

இப்போது நிலைமை என்ன? மூன்றாம் பாகத்தை வாங்கி, வழக்கப்படி கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு, ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள். "அம்மா ரெண்டு நாளா போன் பண்ணி, 'மேலே வந்து நின்னவன்னு எழுதியிருக்கே, எதுக்கு மேலே?'ன்னு என்னையே கேக்கிறாங்க அத்தை" என்று உங்கள் மகள் சொன்னாள். எதற்கு மேலே என்று எனக்குத் தெரியும். கிழிந்துபோன பக்கம் எழுத்துக்கு எழுத்து என் தலைக்குள் இருக்கிறது. ஆனால் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். யார் எங்கே இருந்தார், எந்தக் கையில், என்ன சத்தம் கேட்டது, மூச்சு விட மாட்டேன். மூன்றாம் பாகம் இங்கே வரட்டும், அந்தப் பக்கத்தை நான் சொல்கிறேன். கொடுக்கல் வாங்கல் சுத்தமாக இருக்கட்டும்.

பேத்தி கேட்டாள், "ஏன் பாட்டி கெஞ்சிக்கிட்டு, நான் ஆர்டர் போட்டா நாளைக்கே வந்துடும்" என்று. வரும்தான். புத்தகம் வரும். "வாட்ச்மேன்தான்" என்று நான் சொன்னால் "இல்லவே இல்லை" என்று எதிர்த்துச் சொல்ல ஆள் எந்தக் கடையிலிருந்து வரும்? இங்கே எல்லோரும் "சரி பாட்டி, சரி அத்தை, சரிம்மா" என்கிறார்கள். சரி என்று சொல்கிறவர்களிடம் எவ்வளவு நேரம் பேசுவது?

உங்கள் முழங்கால் வலி குறையவும், கண் பார்வை இன்னும் நிறையப் புத்தகத்துக்கு நிலைக்கவும், கையிலிருக்கும் பிளேடு மொண்ணையாகப் போகவும் வேண்டிக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள், கல்யாணத்தன்று எனக்கு நாற்காலி தூக்கி வந்த உங்கள் தம்பியைத் தவிர.

இப்படிக்கு,
உங்கள் மகளின் மாமியார்

பின்குறிப்பு: எதையும் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிறவர் நீங்கள். ஆகையால் இதைத்தான் முதலில் படிப்பீர்கள். நல்லது, இதோடு நிறுத்துங்கள்.

எழுத்துப் பிழை பார்க்கச் சொல்லிக் கடிதத்தைப் பேத்தியிடம் கொடுத்தேன். படித்துவிட்டுக் கட்டிலில் விழுந்து சிரிக்கிறாள். "பாட்டி, கிழிஞ்ச பக்கத்தைப் பத்தி மூச்சு விட மாட்டேன்னு இங்க சபதம் போட்டிருக்கீங்க. முதல் தாள்லயே முழுசாக் கொட்டிட்டீங்களே!" எங்கே என்றேன். விரல் வைத்துக் காட்டினாள். உண்மைதான். இத்தனையும் மறுபடி எழுத என்னால் ஆகாது. அதனால் முன்னால் இருக்கிற தாள்களையெல்லாம் சேர்த்துத் தைத்துவிட்டேன். இந்தத் தடவை கோணி ஊசி இல்லை. மெல்லிய ஊசி, ரோஜா நிற நூல், இழுத்தால் வந்துவிடும் பெரிய தையல்.

பிளேடு போடாதீர்கள். உள்ளே உங்களைப் பற்றி நல்லதாகத்தான் எழுதியிருக்கிறேன். மூன்றாம் பாகத்தைத் தபாலில் அனுப்பாமல் நீங்களே கொண்டுவாருங்கள், கடிதத்தையும் தைத்தபடியே கொண்டுவாருங்கள். நூலை நானே உருவி, வேண்டிய அந்த ஒரு பத்தியை மட்டும் உங்களுக்குப் படித்துக் காட்டுகிறேன். மிச்சத்தை நீங்கள் படிக்க வேண்டாம், கண்ணுக்குச் சிரமம். வாட்ச்மேன் கால் விஷயம் ஆசிரியர் மறதி என்றே இருக்கட்டும், நீங்கள் வந்து சேருகிற வரைக்கும்.

கூடத்தில் காற்றாடிக்கு நேர் கீழே நாற்காலி போட்டு வைத்திருக்கிறேன். நாலு காலும் ஆடாது. நானே உட்கார்ந்து பார்த்தேன்.