பூசணிக்காய்க்குப் பின்பக்கம் கிடையாது

நேத்து எனக்கு ஒரே ஒரு வேலைதான். உத்திரமேரூர் மார்க்கெட்டுக்குப் போய் ஒரு சாம்பல் பூசணி வாங்கணும்.

சமைக்க இல்லை, ஆராய்ச்சிக்கு!

பூமிக்குப் பக்கத்துல வர்ற சிறுகோள் எல்லாம் டெலஸ்கோப்ல வெறும் புள்ளியாத்தான் தெரியும். அது சுத்தும்போது வெளிச்சம் ஏறி இறங்கும். அதை வச்சே வடிவம் என்ன, மேல இருக்கிறது தூசியா பாறையான்னு எங்க புரோகிராம் சொல்லணும்.

அதுக்கு ஒரு டெஸ்ட். காவாந்தண்டலத்துல என் வீட்ல ஒரு பொருளைச் சுத்தவிட்டு, வெளிச்சக் கணக்கை மட்டும் நான் அனுப்பணும். அது எப்படிப்பட்ட பொருள்னு சென்னை ஆபீஸ்ல இருக்கிற காயத்ரி புரோகிராமை ஓட்டிப் பார்த்துச் சொல்லணும். சொதப்பினா என் வொர்க் ஃப்ரம் ஹோமுக்கு சங்குதான்னு மேனேஜர் முன்னாடியே சொல்லிட்டார்.

கடைக்காரர் மரியாதையா காயை எடுத்து, துண்டால பளபளன்னு துடைச்சார். ஐயோ, அந்தச் சாம்பலுக்குத்தான் வந்தேன்னு சொன்னேன். வேற காயைத் தந்துட்டு, என்னை ஒரு மாதிரியாப் பார்த்தார்.

வீட்ல ரூமை இருட்டாக்கி, மெதுவாச் சுத்துற தட்டு மேல காயை வச்சேன். பக்கவாட்டுல லைட், எதிர்ல போன். ஆரம்பிக்கும்போது கரண்ட் போச்சு. நான் போய்ப் படுத்துட்டேன்.

கரண்ட் வந்ததும் அரைத்தூக்கத்துல சுவிட்சைத் தட்டி, ரெக்கார்ட் பண்ணி, கணக்கை அனுப்பிட்டேன். காயைத் திரும்பிக்கூடப் பார்க்கலை.

சாயங்காலம் வீடியோ மீட்டிங். காயத்ரி சொன்னா:

"நீளுருண்டை. மேல தூசி. ஆனா ஒரு பக்கம் பெரிய துண்டே காணோம் சார். அந்த இடம் ஈரமா பளபளன்னு இருக்கு. பனிக்கட்டின்னு நினைக்கிறேன்."

எனக்குச் சிரிப்பு தாங்கலை. முழுக் காய், என் கையால வாங்கினது, புரோகிராம் சுத்த வேஸ்ட்டுன்னு அடிச்சுச் சொன்னேன். அந்தப் பொண்ணு முகமே வாடிப்போச்சு. எங்க, காட்டுங்கன்னார் மேனேஜர்.

லேப்டாப்பைத் தூக்கிட்டுப் போய் லைட்டைப் போட்டேன்.

காயில கால்வாசி இல்லை!

மனைவி கோமதி கரண்டியோட வந்தா. முழுப் பூசணியைப் பொம்பளைங்க முதல்ல வெட்டக் கூடாதாம். அதனால நான் தூங்கும்போது எதிர் வீட்டு மாமாவைக் கூப்பிட்டு, முறைப்படி வெட்டியிருக்கா. கூட்டு வைக்க.

"இன்னாத்துக்கு இப்டி முழிக்கிற? உன் போனுக்குத் தெரியாத பின்பக்கமாத்தான் வெட்டச் சொன்னேன். எட்த்த எடத்துலயே வச்சிட்டேன் இல்ல?"

"அது சுத்திக்கினு கீது கோமதி. அதுக்கு ஏது பின்பக்கம்?"

மானமே போச்சு எனக்கு. மேனேஜர் தொண்டையைச் செருமினார்.

"புரோகிராம் பாஸ், காயத்ரி. சார், நீங்க திங்கக்கிழமையிலேருந்து ஆபீஸ் வந்துடுங்க. இங்க அடுப்பு கிடையாது."