சட்டித்துரையும் ஒரு மூடை வெங்காயமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே தலை குனிந்து நடந்த ஒரே அரசாங்க உத்தியோகத்தர் சட்டித்துரைதான். பணிவு என்று நினைத்துவிட வேண்டாம். நிலத்தில் பானை ஓடு கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நடப்பார். சுன்னாகத்து வண்டில் மாடுகளெல்லாம் அவரைக் கண்டால் தாமாகவே விலகிப் பழகியிருந்தன.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் சுன்னாகம் ரயில் ஸ்டேஷனில் சாமான் பகுதிக் கிளார்க். அவர் கொழும்பிலிருந்த புதைபொருள் இலாகாக் கந்தோர் அனுப்பிவைத்த ஆள். சக உத்தியோகத்தர்கள் சிலை, கல்வெட்டு என்று தேட, இவருக்கு உடைந்த சட்டி போதும். அதிலும் சோழர் வருவதற்கு முந்திய சில நூறு வருடத்துச் சட்டியாக இருக்கவேண்டும். தோட்டங்களில் மண் கொத்துகிறவர்களின் பின்னால் போய்ப் பொறுக்குவார். மூடையாகக் கட்டி என்னிடம் கொண்டுவருவார்.

"உள்ளுக்கை என்ன ஐயா?"

"எட்டாம் நூற்றாண்டு."

"அப்பிடி எழுதேலாது. சாமானைச் சொல்லுங்கோ."

"உடையக்கூடிய சாமான் எண்டு எழுதும்."

"அது ஏற்கெனவே உடைஞ்சுதானே கிடக்கு?"

என்னை இரக்கத்தோடு பார்த்தார். "தம்பி, உடைஞ்சதைத்தான் கவனமாய்க் கொண்டுபோகவேணும்."

கொழும்பில் அந்தக் கந்தோரை நடத்திய பெரியதுரைக்குப் பொறுமை போய்விட்டது. 'இந்த மாதம் உருப்படியாக ஏதாவது காட்டு. இல்லையென்றால் அனுராதபுரத்துக்குப் போய்க் கல்வெட்டில் பாசி சுரண்டு' என்று கட்டளை வந்தது. சட்டித்துரை அசையவில்லை. "அந்தக் காலத்துச் சனம் எந்தச் சட்டியிலை சமைச்சது எண்டு தெரியாமல் நான் இந்த ஊரை விட்டு வரமாட்டன்" என்றார். தன் ஓடுகளில் சிறந்தவற்றையெல்லாம் ஒரே மூடையில் கட்டினார். என்னோடு வாதாடிய மும்முரத்தில் அதற்குரிய விலாசத் துண்டைத் தாமே பக்கத்து வெங்காய மூடையில் கட்டிவிட்டார். வெங்காயத்துக்குரிய விலாசம் இவருடைய மூடைக்குப் போயிற்று.

சில நாளில் பெரியதுரையிடமிருந்து தந்தி வந்தது: 'வெங்காயம் கிடைத்தது. நன்றி.'

சட்டித்துரை அதை வாசித்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு கொழும்புக்கு டிக்கெட் கேட்டார். அவர் இருந்த இருப்பில் யாரையாவது கடித்துவிடுவார் என்று பயந்து, நானும் லீவு போட்டுக்கொண்டு கூடப் போனேன்.

அந்த வெங்காயம் போயிருக்கவேண்டிய கொழும்புப் புறக்கோட்டைக் கடையின் முதலாளி எங்களூர்க்காரர்தான். ஆனாலும் வரவேற்பு பலமாயில்லை.

"வெங்காயம் எண்டு ஓடு அனுப்பினவன் நீர்தானோ?"

"அது எங்கை இப்ப?"

"உந்த ஒழுங்கையிலை வண்டில் புதையுது எண்டு சேத்துக்கை கொட்டிப்போட்டன்."

நல்ல மழை; சந்தெல்லாம் சேறு. சட்டித்துரை காற்சட்டையோடு சேற்றில் முழங்காலிட்டார். தொப்பியில் ஓடு சேரத் தொடங்கியது. பின்னால் வண்டில்கள் வரிசையாக நின்றன. ஒரு வண்டிற்காரன் வாயில் வந்ததையெல்லாம் சொன்னான். இவர் நிமிரவில்லை.

"ஆயிரம் வருசம் மண்ணுக்கை கிடந்த சாமான் இது. நீ கொஞ்சநேரம் நில்லன்!"

நானும் இறங்கினேன். வேறு என்ன செய்ய?

பொழுது சாயும்போது ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டார். சுன்னாகத்தில் சுண்ணாம்பு படிந்து வெறும் ஓடாகத் தெரிந்த துண்டு அது. வண்டிற் சக்கரம் ஏறிச் சுண்ணாம்பு பெயர்ந்திருந்தது. மழை மிச்சத்தைக் கழுவியிருந்தது. அடியில் கடல்நிறத்தில் மினுமினுத்தது பூச்சு.

"பாரசீகத்துச் சாடி" என்றார். "சோழனுக்கு முந்தியே எங்கடை ஆக்களிட்டைக் கப்பல் வந்திருக்கு, தம்பி."

மறுநாள் கந்தோரில் பெரியதுரை அதைச் சன்னலோரம் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "எங்கே எடுத்தீர்?" என்று கேட்டார்.

சட்டித்துரை பொய் சொல்லத் தெரியாத மனிதர். "புறக்கோட்டை ஒழுங்கையில்" என்றார்.

நான் அவர் காலை மிதித்தேன். பிறகு நடந்ததையெல்லாம் நானே சொன்னேன். பெரியதுரை மேசையில் கையூன்றிக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து, அந்தத் துண்டு கிடைத்த சுன்னாகத்துத் தோட்டத்தில் முறைப்படி அகழ அனுமதி கொடுத்தார். அனுராதபுரத்துப் பாசி தப்பிற்று.

அகழ்வு வருடக்கணக்காக நடந்தது. அது முடியுமுன்னே எனக்கு மட்டக்களப்புக்கு மாற்றம் வந்துவிட்டது. வழியனுப்ப வந்த சட்டித்துரை சந்தையில் புதிதாக வாங்கிய ஒரு முழுப் பானையை என் மடியில் வைத்தார்.

"உடைஞ்சால் எழுதும். நான் வந்து பாக்கிறன்."

பானை இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. அதைப் போட்டு உடைத்துவிடலாமா என்று நான் யோசித்த நாள்கள் அநேகம்.