ஒரு நாள் வெல்ல வியாபாரி

மூட்டைகளை எங்கே ஒளித்து வைப்பது என்பதில்தான் முதல் சண்டை வந்தது.

"எதுக்கு ஒளிக்கணும்? களவாண்ட சரக்கா?" என்றாள் இசக்கியம்மாள்.

"வாரது யாருன்னு தெரிஞ்சுதான் பேசுதியா? முருகன்டீ!"

"முருகனா வேசங்கட்டுனவுக."

"அதத்தான் நானும் சொல்லுதேன்" என்றார் ஆறுமுகநயினார் அண்ணாச்சி.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவருக்குப் பிடிபடவில்லை. அவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. நடிகர் சந்திரபூபதி மயிலோடு திரையில் வந்து நின்றதும் கற்பூரம் கொளுத்தாத கொட்டகை அன்றைக்கு மதராஸில் இல்லை. அந்தச் சந்திரபூபதி வெள்ளிக்கிழமை மத்தியானம் ராயபுரம் கல்மண்டபத்தில் அண்ணாச்சி வீட்டில் சாப்பிட வருகிறார். வீட்டின் முன்பக்கம் கடை. கடையில் கூரை முட்ட நெத்திலி, சுறா, வாளை. அத்தனையும் கருவாடு.

வருகைக்குக் காரணம் ஒரு மாதத்துக்கு முன்னால் நடந்தது. அதை அண்ணாச்சி தெருவில் எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது. தெருமுனை வீட்டு இக்னேஷியஸ் துறைமுகத்தில் பாரம் தூக்கும் வின்ச்சு ஓட்டுகிறவன், வீட்டிலிருப்பதே குறைவு. அவனே அந்தக் கதையை அண்ணாச்சி வாயால் நாலைந்து தடவை கேட்டுவிட்டான்.

"ஸ்டூடியோ வாசல்ல ஜேஜேன்னு கூட்டம் பாத்துக்கோ. மாலையும் கையுமா நிக்கான்னா நிக்கான். அவுக எல்லாத்தையும் கும்பிட்டுக்கிட்டே வாராக. எங்கிட்ட வந்ததும் சட்டுன்னு நின்னுட்டாக. கண்ண மூடி, நல்லா ஒரு மூச்சு இழுத்தாக. பொறவு என் தோள்ல கைய வச்சு, 'எந்தப் பக்கம்?'னாக. கல்மண்டபம்னேன். 'ஒரு நாள் உங்க வீட்டுல சாப்பிட வர்றேன்'னாக. எம் பக்தி அவுகளுக்குத் தெரிஞ்சு போச்சுல்லா!"

பக்தியைவிட அந்தக் கைதான் அண்ணாச்சிக்குப் பெரிது. அவர் டிராமில் ஏறி உட்கார்ந்தால் பக்கத்து இடம் காலியாகும். வியாபாரிகள் சங்கத்தில் அரிசி மண்டிக்காரர்கள் நாற்காலியை நைசாக நகர்த்திக்கொள்வார்கள். கொட்டகையில் முன்சீட்டுக்காரர் கைக்குட்டையை எடுப்பார். எத்தனை சீயக்காய் தேய்த்தும் போகாத வாசனை அது. மூக்கைப் பொத்தாமல் அவர் தோளில் கை வைத்த முதல் வெளி ஆள் சந்திரபூபதி. அவர் வீட்டுக்கும் வந்து, மூக்கைப் பொத்தாமல் ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் போதும். அதற்குமேல் இந்த ஜென்மத்தில் ஒன்றும் வேண்டாம் என்று இருந்தார் அண்ணாச்சி.

"வெள்ளிக்கிழமை ராயபுரம் ஸ்டேஷன்ல ஷூட்டிங். சாப்பாட்டு வேளைக்கு அய்யா இங்கே வந்துடுவார். நீங்க வீட்டுல வழக்கமா என்ன சாப்பிடறீங்களோ அதுவே போதும்னு சொல்லச் சொன்னார்" என்று மேனேஜர் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

"பாத்தியா, எவ்வளவு அடக்கம்!" என்றார் அண்ணாச்சி.

"அப்ப நெத்திலிக் கருவாட்டுக் குழம்பே வச்சிருதேன்" என்றாள் இசக்கியம்மாள். வீட்டில் வழக்கம் அதுதான்.

அண்ணாச்சி காதைப் பொத்திக்கொண்டார்.

மூட்டைகளை வைக்கத் தெருமுனை வீடு முடிவாயிற்று. இக்னேஷியஸின் மனைவி ரோசி மறுப்புச் சொல்லவில்லை.

"எங்க வூட்ல போடு அண்ணாச்சி. ஆனா கோணி வாயி தொறந்து கெடந்தா நான் பொறுப்பில்ல."

அது தீர்ந்தது என்று அண்ணாச்சி மூச்சுவிட்டபோதுதான் வெள்ளிக்கிழமை என்பது உறைத்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்தத் தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் மீன் வறுப்பார்கள்.

"ஒரே ஒரு நாள், இக்னேஷியசு. மீன் வேண்டாம்னு எல்லார்ட்டயும் சொல்லிரு."

"இன்னா அண்ணாச்சி, பேஜாரு பண்றியே! வெள்ளிக்கெயமன்னா நாங்க கறி துன்னக் கூடாது. கோயில்ல சாமியாரு திட்டுவாரு. அதான் மீனு. மீனும் துன்னாதேன்னா வாயில இன்னாத்தப் போட்டுக்கிறது?"

"வெள்ளிக்கிழமை மீனு ஆகாதுப்பா, பாவம்!"

"ஒனக்கு மீனு துன்னா பாவம். எனுக்கு கறி துன்னா பாவம். ரெண்டு பாவத்தயும் நானே வுடணும்னா எப்டி?"

கடைசியில், தெரு முழுவதற்கும் அன்றைக்குச் சாப்பாடு அண்ணாச்சி வீட்டிலிருந்து என்று ஒப்பந்தமாயிற்று. சாம்பார், அவியல், பாயசம். இசக்கியம்மாள் அடுப்படியில் நின்றபடி, தன் தாலி ஏறிய நாளில் தொடங்கி ஒவ்வொன்றாகச் சொல்லி அழுதாள். சாம்பார் நன்றாகவே வந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் கடை காலி. ஆனால் வாசனை காலி செய்யவில்லை. மூட்டைகள் இருந்தபோது இருந்ததைவிடக் கூடியிருந்ததாகக்கூட அண்ணாச்சிக்குத் தோன்றியது. பினாயில் ஊற்றிக் கழுவினார். கருவாட்டு வாசனையும் பினாயில் வாசனையும் சேர்ந்து மூன்றாவதாக ஒன்று கிளம்பியது. அதை அடக்கச் சாம்பிராணி போட்டார். புகையைப் பார்த்து, தீ பிடித்துவிட்டது என்று பக்கத்துத் தெருக்காரர்கள் வாளியோடு ஓடிவந்து, எரிந்த சாம்பிராணியை அணைத்துவிட்டுப் போனார்கள். ஈரக் கரி வாசனையும் சேர்ந்துகொண்டது. அண்ணாச்சி ஒரு முழு பாட்டில் பன்னீரைத் தெளித்தார்.

"இப்ப எப்படி இருக்கு?"

இசக்கியம்மாள் வாசலிலேயே நின்றாள். "பொணம் எடுத்த ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு."

கடைப் பலகையில் 'கருவாடு' என்ற எழுத்தின்மேல் தாளை ஒட்டி, 'வெல்லம்' என்று எழுதினார். கடைக்குள் வெறும் தரை. ஒரு தாம்பாளத்தில் நாலு அச்சு வெல்லம் வாங்கி வைத்தார். பிறகு மறுபடி குளித்து, உடம்பெல்லாம் சந்தனம் பூசிக்கொண்டு வாசலில் நின்றார்.

பிளிமத் கார் வந்தது. தெரு ஆரவாரம் செய்தது. சந்திரபூபதி இறங்கினார். திரையில் இருப்பதைவிடக் குட்டை, ஆனால் அதே சிரிப்பு. அண்ணாச்சி சாஷ்டாங்கமாக விழுந்தார்.

நடிகர் அவரைத் தூக்கி நிறுத்தி, ஆவலோடு கண்ணை மூடி ஒரு மூச்சு இழுத்தார். சந்தனம், பன்னீர், பினாயில். தும்மல் வந்தது. ஒன்றல்ல, தொடர்ச்சியாக.

"மன்னிக்கணும்" என்றார் நடிகர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "உங்களுக்கு என்ன வியாபாரம்?"

"வெல்லம்ங்க."

"வெல்லமா?" சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. "அன்னைக்குப் பார்த்தப்போ வேறே ஏதோ வியாபாரம்னு நினைச்சேன்."

"சே சே! அப்பா காலத்திலேருந்து வெல்லம்தாங்க."

இதற்குள் பூனைகள் வந்துவிட்டன. வழக்கமாகக் கடையைச் சுற்றிக் கிடப்பவை, காலையிலிருந்து பட்டினி. கடையில் ஒன்றுமில்லாததால், எல்லாம் சேர்ந்து அண்ணாச்சியின் காலைச் சுற்றி வந்து நக்கத் தொடங்கின. அவர் கும்பிட்ட கையை இறக்காமல் காலால் தள்ளிப் பார்த்தார். ஒன்று வேட்டியைப் பிடித்து ஏறியது.

"பூனைகளுக்கு உங்கமேல ரொம்பப் பிரியம்" என்றார் நடிகர்.

"பால் ஊத்தி வளக்கேன்ங்க."

மேனேஜர் தாம்பாளத்தைக் குனிந்து பார்த்தார். "வெல்லக் கடைங்கறீங்க, ஓர் எறும்பைக்கூடக் காணோமே?"

"பூனை தின்னுரும்ங்க" என்றார் அண்ணாச்சி.

மேனேஜர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். உள்ளே தலைவாழை இலை போட்டார்கள். அவியல், கூட்டு, பருப்பு, அப்பளம். நடிகர் இலையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். பிறகு அடுப்படிப் பக்கம் பார்த்தார்.

"இன்னும் ஏதாவது வருமா?"

"பாயசம் வருதுங்க!"

"பாயசமா" என்றார் நடிகர்.

இரண்டு வாய் சாம்பார் சோறு உள்ளே போயிற்று. மூன்றாவது வாயைக் கையிலேயே வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். இசக்கியம்மாள் இதைக் கதவோரமாக நின்று பார்த்தாள். அவளுக்கு ஏதோ புரிந்ததுபோல இருந்தது.

"ஏங்க, பானையில நேத்துள்ள குழம்பு..." என்று தொடங்கினாள்.

"நீ சும்மா கெட!" என்று பல்லைக் கடித்தார் அண்ணாச்சி.

அந்த நேரம் பார்த்துக் கடல்காற்று எழும்பியது. தெருமுனையிலிருந்து லேசாக, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல், அந்த வாசனை ஜன்னல் வழியாக வந்தது. நடிகரின் கை அப்படியே நின்றது. மூக்கு விரிந்தது. மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் அவரைப் பார்த்தார். இருவரும் ஒன்றாக எழுந்தார்கள்.

"ஷூட்டிங்குக்கு நேரமாச்சு" என்றார் மேனேஜர்.

"பாயசம்ங்க..."

"இன்னொரு நாள்" என்றார் சந்திரபூபதி. கையைக் கழுவினார். இந்த முறை தோளில் கை வைக்கவில்லை. கார் கிளம்பிப் போயிற்று.

அண்ணாச்சி இலைக்கு எதிரே உட்கார்ந்தார். உருட்டி வைத்த சோற்று உருண்டை அப்படியே கிடந்தது.

"மோந்துட்டாக" என்றார். "டிராம்ல எந்திரிச்சுப் போற மாதிரி எந்திரிச்சுப் போயிட்டாக, பாத்தியா? நாம எங்க போனாலும் இந்த நாத்தம் நம்மள விடாது இசக்கி. கடைய மூடிருவோம். நாளைக்கே மூடிருவோம். நெசமாவே வெல்லம் விக்கப் போறேன்."

சண்டைக்கு எப்போதும் தயாராக இருக்கும் இசக்கியம்மாள் இப்போது மெல்ல அவர் பக்கத்தில் வந்தாள். அவர் தோளில் இருந்த பூனையை எடுத்துக் கீழே விட்டாள். அவர் கண் கலங்குவதைப் பார்க்கப் பிடிக்காமல் உள்ளே திரும்பிக்கொண்டாள்.

வாசலில் தடதடவென்று ஓடிவரும் சத்தம். தெருமுனை ரோசி. கையில் கரண்டி, முகமெல்லாம் வேர்வை.

"சாம்பாரு குடுத்தேனே, அதை விட்டுட்டு நீயும் கருவாடு பொங்குனியா?" என்று சீறினார் அண்ணாச்சி. "ஒன்னாலதான் எங்குடி கெட்டுது!"

"சாம்பாரு எறங்கல அண்ணாச்சி, மூட்டைலேருந்து ஒரு கை எடுத்துக்கினேன், அத அப்பால பேசிக்கலாம்" என்றாள் ரோசி, மூச்சு வாங்கிக்கொண்டே. "ஒங்க முருகரு கார எங்க வூட்டாண்ட நிறுத்திட்டு, உள்ள குந்திகினு, மூணாவது தபா கொயம்பு ஊத்தச் சொல்லி வயிச்சி வயிச்சி துன்னுகினு கீறாரு. இது எந்தக் கடைக் கருவாடு, என்னை அங்க இட்டுகினு போன்னு ஒரே ரகள. இன்னான்னு சொல்லட்டும்? வெல்லக் கடைன்னா?"