மாமனார் மட்டும் அழுதார்

"இப்போ சிரிச்சது யாரு?" என்று கேட்டபடி பேனாவைத் தயாராகப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் பார்த்தார் சிரிப்பாளர்.

"யாரும் சிரிக்கலை மாப்பிள்ளை. நான்தான் இருமினேன்" என்றார் மாமனார்.

சிரிப்பாளர் நோட்டில் எழுதியதை அடித்தார். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கே அந்த நோட்டில் பாதிப் பக்கம் அடித்தல்தான்.

கம்பெனியில் எல்லோரும் அவரைச் சிரிப்பாளர் என்றுதான் கூப்பிட்டார்கள். டிவியில் வாராவாரம் வரும் நகைச்சுவைத் தொடரில் கூட்டம் எங்கெங்கே சிரிக்க வேண்டும் என்று முடிவு செய்து, பதிவு செய்து வைத்த சிரிப்பை அந்தந்த இடத்தில் ஒட்டுவது அவர் வேலை. கையிருப்பில் நாற்பத்திரண்டு சிரிப்புகள் வைத்திருந்தார், எல்லாவற்றுக்கும் நம்பர் உண்டு. மூன்றாம் நம்பர் மூக்கால் சிரிப்பது. ஏழாம் நம்பர் மண்டபமே இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பது. பத்தொன்பதில் எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு ஓர் ஆளுக்கு மட்டும் அப்போதுதான் புரிந்து, தனியாகச் சிரிப்பார். அந்த ஆள் யாரோ, எங்கே இருக்கிறாரோ, நன்றாக இருக்கட்டும்.

பதினோரு வருஷமாக இப்படிச் சிரிப்பைக் கத்தரித்து ஒட்டியதில், சிரிப்பாளருக்குச் சிரிப்பே வராமல் போய்விட்டது. எது வேடிக்கை, எது இல்லை என்று அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. குத்துமதிப்பாகத்தான் ஒட்டிக்கொண்டிருந்தார். அது போன வாரம் மாட்டிக்கொண்டது.

சனிக்கிழமை மேனேஜர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "நீங்க சிரிப்பு போட்ட இடத்துல ஒருத்தனும் சிரிக்கலை சார். சிரிக்க வேண்டிய இடத்துல நீங்க போடலை. இந்த வாரமும் இப்படியே போச்சுன்னா தொடரை நிறுத்திடுங்கன்னு மேல சொல்லிட்டாங்க. அப்புறம் உங்களையும் உங்க நாற்பத்திரண்டு சிரிப்பையும் வச்சுக்கிட்டு நாங்க என்ன பண்றது, சொல்லுங்க."

நமக்குத்தான் சிரிப்பு வரவில்லை, வீட்டில் இருப்பவர்களுக்கு வராதா என்று சிரிப்பாளருக்கு ஒரு யோசனை தோன்றியது. வரவேற்பு மேசைத் தட்டில் கிடந்த, இந்த வாரக் கதை இருந்த பென் டிரைவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

அந்தக் கம்பெனி சிக்கனத்துக்குப் பேர்போனது. அதே நடிகர்கள், அதே வீடு, அதே பச்சை சோபாவை வைத்து வாரத்துக்கு இரண்டு தொடர் எடுத்தார்கள். இரண்டிலும் வாரம் ஒரு முழுக் கதை. ஞாயிறு ஏழு மணிக்கு அழுகைத் தொடர், ஏழரைக்குச் சிரிப்புத் தொடர். ஜனங்கள் அழுது முடித்துவிட்டுச் சிரித்தால் நிம்மதியாகத் தூங்குவார்கள் என்பது முதலாளியின் கணக்கு. அழுகைத் தொடருக்குப் பக்கத்து அறை வயலின்காரர் இசை போடுவார். நடுவே இருந்தது அட்டைச் சுவர். அவர் வயலினை இழுத்தால் இவருக்கு மனசு கனத்துப்போகும். இவர் ஏழாம் நம்பரை ஓட்டினால் அவர் கையிலிருந்து வில் நழுவிவிடும்.

இப்போது கூடத்தில் டிவி முன்னால் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பள்ளிக்கூட டீச்சரான மனைவி. கல்லூரியில் படிக்கும் மகள். மெத்தைக் கடை வைத்திருக்கும் மச்சான். முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற மாமனார்.

இசையும் கிடையாது, சிரிப்பும் கிடையாது. வெறும் பேச்சு மட்டும் ஓடியது. கதை இதுதான். மூத்த மகன் கோபித்துக்கொண்டு பெட்டியோடு வீட்டை விட்டுக் கிளம்புகிறான். அவனுக்கு வந்த ஒரு கடிதத்தை அப்பா சோபா மெத்தைக்கு அடியில் ஒளித்து, அதன்மேலேயே உட்கார்ந்துகொள்கிறார். வீடே கடிதத்தைத் தேடுகிறது. மகன் மாடிப்படியில் இறங்கும்போது பெட்டி திறந்து துணியெல்லாம் சிதறுகிறது. கால் இடறி அவனும் உருளுகிறான். அம்மா வந்து, "சாப்பிட்டுட்டுப் போடா" என்கிறாள். அவன் உட்கார்ந்து சாப்பிடுகிறான்.

மாடிப்படியில் அவன் உருண்டதுமே மச்சான் தொடையைத் தட்டிச் சிரித்தார். "அத்தான், இங்க போடுங்க. பெருசா போடுங்க."

"விழுந்தா சிரிப்பாடா?" என்றாள் மனைவி. "உனக்கு மெத்தை விக்கிற புத்தி. எவன் விழுந்தாலும் உனக்குச் சந்தோஷம். என்னங்க, எழுதாதீங்க. கோவிச்சுக்கிட்டுக் கிளம்பினவன் உட்கார்ந்து சாப்பிடுறான் பாருங்க, அதுதான் காமெடி. வீறாப்பா பேசுறவன் மாட்டிக்கணும். அப்போதான் சிரிப்பு."

"அம்மா, ரெண்டுமே ஓல்டு" என்றாள் மகள். "அந்த அப்பா லெட்டர் மேல உட்கார்ந்துக்கிட்டு மூஞ்சிய வச்சிருக்கார் பாரு. அவர் சிரிக்க வைக்க ட்ரை பண்ணவே இல்லை. அதான் காமெடி. அதே மூஞ்சிய மூணு தடவை கிட்டக் காட்டுறாங்க. செம."

சிரிப்பாளர் மூன்றையும் எழுதினார். பிறகு மாமனாரைப் பார்த்தார்.

மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா, தூசியா?"

"தூசி என்ன தூசி. பெத்தவ சாப்பிட்டுட்டுப் போடாங்கறா. அவனால தட்ட முடியலை. இதுல சிரிக்க என்ன இருக்கு?"

"அப்பா, இது காமெடி" என்றாள் மனைவி, மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வது போல.

"எனக்கு யாரும் சொல்லலை."

"அதான் இப்போ சொல்றோம்ல."

"சொன்னதும் சிரிச்சுடணுமா? பிரேக் பிடிச்சதும் நிக்கிறதுக்கு நான் என்ன பஸ்ஸா?"

சிரிப்பாளர் யாரையும் பகைத்துக்கொள்ள விரும்பவில்லை. உள்ளே போய் மச்சான் சொன்ன இடம், மனைவி சொன்ன இடம், மகள் சொன்ன இடம் எல்லாவற்றிலும் சிரிப்பை ஒட்டிக்கொண்டு வந்து போட்டார். முப்பத்தெட்டுச் சிரிப்புகள். நடிகர்கள் வாயைத் திறந்தார்கள், மூடினார்கள். ஒரு வார்த்தை காதில் விழவில்லை.

"என்னங்க இது, கல்யாண வீட்ல ஜெனரேட்டர் ஓடுற மாதிரி இருக்கு" என்றாள் மனைவி.

மாமனார் எழுந்தே விட்டார். "ஒருத்தன் கஷ்டத்துல இருக்கான், இத்தனை பேர் சிரிக்கிறீங்களே மாப்பிள்ளை. நல்லா இருக்கா இது?" என்று குரல் உடையக் கேட்டுவிட்டு, மொட்டை மாடிக்குப் போய்விட்டார். முப்பது வருஷத்தில் ஒரு நாள்கூட ஹாரனைத் தவிர வேறு எதையும் சத்தமாக வெளிப்படுத்தாத மனிதர். பெண்டாட்டி செத்தபோதுகூட மற்றவர்களைத் தேற்றியவர் அவர்தான்.

மாமனாரைச் சமாதானப்படுத்த, சாப்பிடும் காட்சியில் இருந்த சிரிப்பை மட்டும் எடுத்தார் சிரிப்பாளர். மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது.

"எல்லார் சிரிப்பும் இருக்கு. என் சிரிப்பு மட்டும் உங்களுக்கு வேண்டாம், அப்படித்தானே?"

"அப்படி இல்லைம்மா..."

"பொண்ணு பாக்க வந்தப்போ நான் சிரிச்சது அழகா இருக்குன்னு சொன்ன ஆளு."

மனைவியின் சிரிப்பைத் திரும்ப வைத்தார். நியாயத்துக்காக மச்சானுடையதில் ஒன்றை எடுத்தார். மச்சான், "பரவாயில்லை அத்தான், நான் வெளியாள்தானே" என்று செருப்பைத் தேடினார். அவரைப் பிடித்து உட்காரவைத்து மகளுடையதில் இரண்டை எடுத்தார். மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மதியச் சாப்பாடு மேசையில் ஆறிக்கொண்டிருந்தது. உட்கார ஆள் இல்லை.

வேறு வழியில்லாமல் டைரக்டருக்கே போன் போட்டார்.

"சார், இந்த வாரக் கதையில எது பெரிய காமெடி? நீங்களே சொல்லிடுங்க."

"மாடிப்படி சீன்தான், வேற என்ன" என்றார் டைரக்டர். பின்னால் யாரோ 'ஆக்‌ஷன்' என்று கத்துவது கேட்டது. "அதுக்காக ஒன்பது டேக் எடுத்தேன். அதுல எவன் சிரிக்கலையோ அவன் மனுஷனே இல்லை. கையில இருக்கறதுலயே பெரிய சிரிப்பா போடுங்க."

சிரிப்பாளருக்கு உயிர் வந்தது. மாடிப்படிக்கு ஏழாம் நம்பர். சாப்பாட்டுக்கு மூன்றாம் நம்பர். அப்பாவின் மூஞ்சிக்கு, மகளுக்காக, பத்தொன்பது. நான்கு மணிக்கு ஸ்டுடியோவில் கொண்டுபோய்க் கொடுத்தார். மேனேஜர் படத்தைப் பார்க்கவில்லை, காதை மட்டும் கொடுத்தார். "நிமிஷத்துக்கு ஒரு சிரிப்பு வருது. பாக்கலாம்" என்றார். அந்தப் 'பாக்கலாம்' சிரிப்பாளர் காதில் வீடு வரைக்கும் ஓடியது.

மாலை ஏழு மணிக்கு முன்பே குடும்பம் டிவி முன்னால் கூடிவிட்டது. மாமனாரையும் கெஞ்சிக் கூட்டிவந்திருந்தார்கள். முதலில் அழுகைத் தொடர். வயலின்காரர் அன்றைக்கு உயிரைக் கொடுத்து வாசித்திருந்தார். மாடிப்படிக் கம்பிக்குள் குடும்பத் தலைவரின் தலை மாட்டிக்கொள்ள, வீடே அவர் காலைப் பிடித்து இழுக்க, வயலின் தேம்பியது. கடைசியில் அவர் விக் கழன்று கீழே பால் பாத்திரத்தில் விழுந்தது.

மனைவி முந்தானையால் கண்ணை ஒற்றினாள். "பாவம்ங்க. இத்தனை வருஷம் வழுக்கையைக் குடும்பத்துக்கிட்டகூடச் சொல்லாம மறைச்சு வச்சிருக்கார். என்ன வேதனையோ."

மச்சானுக்கும் மூக்கு சிவந்திருந்தது. "தலை மாட்டினா எவ்வளவு வலிக்கும்" என்றார்.

அப்போதுதான் பக்கத்தில் ஏதோ குலுங்கியது. மாமனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். பொத்திய கை போதவில்லை. மூச்சு முட்டி, முகம் சிவந்து, நாற்காலியின் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"தாத்தா, அந்த மனுஷன் அழறார்" என்றாள் மகள், கண்ணீரோடு.

"விக்கு... பால்ல..." என்றார் மாமனார். அதற்கு மேல் அவருக்குப் பேச்சு வரவில்லை.

மனைவி சிரிப்பாளரைச் சமையலறைக்கு இழுத்தாள். "அப்பாவுக்கு என்னமோ ஆயிடுச்சுங்க. எனக்குப் பயமா இருக்கு."

ஏழரைக்குச் சிரிப்புத் தொடர் தொடங்கியது. மகன் பெட்டியோடு மாடிப்படிக்கு வந்தான். பெட்டி திறந்தது. உருண்டான். ஏழாம் நம்பர் இடித்தது. மச்சான் சிரித்தார். காலையில் எதிர்த்த மனைவியும் சிரித்தாள். மகளும் சிரித்தாள். திறந்த ஜன்னல் வழியே எதிர் வீட்டிலிருந்து சிரிப்பு வந்தது. மாடி வீட்டில் யாரோ தரையைக் காலால் உதைத்துச் சிரித்தார்கள். தெருவே ஒன்றாகச் சிரித்தது. சரியாக அவர் ஒட்டிய இடத்தில்.

"சாப்பிட்டுட்டுப் போடா" என்று டிவியில் அம்மா சொன்னதும் மச்சான் சிரித்துப் புரண்டு சோபாவிலிருந்து தொப்பென்று தரையில் விழுந்தார். விழுந்த இடத்தில் மெத்தை இல்லை. சிரிப்பாளர் வாயிலிருந்து விநோதமாக ஒரு சத்தம் வந்தது. நாற்பத்திரண்டு நம்பரிலும் இல்லாத சத்தம். பதினோரு வருஷம் கழித்து அவர் சிரித்தார். நிறுத்த முடியாமல், வயிறு வலிக்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். எவ்வளவு நன்றாக இருந்தது.

மாமனார் மட்டும் துண்டில் முகம் புதைத்து அழுதுகொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை மேனேஜர் வாசலுக்கே வந்து கையைக் குலுக்கினார். "சார், பின்னிட்டீங்க. போன் வந்துக்கிட்டே இருக்கு. தொடரை நிறுத்துறதா? இன்னும் ரெண்டு வருஷம் நீட்டச் சொல்லிட்டாங்க. அழுகைத் தொடரும் அப்படித்தான், நேத்து ஊரே அழுதிருக்கு. உங்க ரெண்டு பேரையும் இனிமே கையில பிடிக்க முடியாது" என்று சொல்லிக்கொண்டே வயலின்காரர் அறைக்கும் போனார்.

சிரிப்பாளருக்குச் சந்தோஷம்தான். ஆனால் மனசில் மாமனார் உட்கார்ந்திருந்தார். அறைக் கதவைச் சாத்திவிட்டு, மனைவி கொடுத்த நம்பருக்குப் போன் செய்தார். மூளை, நரம்பு டாக்டரின் ஆஸ்பத்திரி.

"என்ன தொந்தரவு சார்?" என்று மறுமுனையில் ஒரு பெண் கேட்டாள்.

"சிரிக்க வேண்டியதுக்கு அழறாரும்மா. அழ வேண்டியதுக்குச் சிரிக்கிறார். ஊர்ல அத்தனை பேருக்கும் ஒரு மாதிரி இருந்தா, இவருக்கு மட்டும் தலைகீழா இருக்கு. நல்ல மனுஷன்மா. எப்படியாவது சரிபண்ணிடணும்."

"எத்தனை நாளா?"

"நேத்து காலையிலேருந்து."

கதவு லேசாகத் திறந்தது. வயலின்காரர் பூனை மாதிரி உள்ளே வந்து, கதவைச் சாத்தி, தாழ்ப்பாளும் போட்டார். முகத்தில் ரத்தமே இல்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, சிரிப்பாளர் காதோரம் குனிந்தார்.

"போனை வைங்க சார், உங்க மாமனாருக்கு ஒண்ணும் இல்லை, நீங்க சிரிப்பு ஒட்டினது என்னோட அழுகைத் தொடருக்கு, நான் வயலின் வாசிச்சது உங்க காமெடிக்கு."